எங்கள் ஊரின் முதல் மார்க்கை நான் குறைத்தது

எங்கள் ஊர் ஒரு தடவை முதல் மார்க்கு வாங்கியது. அதைக் குறைத்துவிட்டவள் நான். குறைத்ததற்காக ஊரே என்னைக் கூப்பிட்டு முன்வரிசை நாற்காலியில் உட்காரவைத்தது. அதற்கு முன்னால் சொந்தக்காரர் கல்யாணத்தில்கூட நான் தூண் மறைவு பார்த்துத்தான் உட்காருவேன்.

ஊர் வெம்பக்கோட்டைக்குப் பக்கம். மழை பெய்தால் மக்காச்சோளமும் பருத்தியும், பெய்யாவிட்டால் பட்டாசு. உண்மையைச் சொன்னால் மழை பெய்தாலும் பட்டாசுதான். காலை ஆறரை மணிக்குக் கம்பெனி வேன் தெரு முக்கில் வந்து நிற்கும். டிரைவர் ஒரு ஆரன் அடிப்பான், இரண்டாவது அடிப்பான், மூன்றாவது ஆரனோடு வேன் நகர்ந்துவிடும். நானும் வருஷக்கணக்கில் அந்த வேனில் போனவள்தான். எனக்கு வேலை காயப்போடும் மேடையில். மருந்து அடைத்த வெடிகளைத் தட்டுத் தட்டாக வெயிலில் பரப்பி, காய்ந்த பிறகு அள்ளி உள்ளே கொடுக்க வேண்டும். தட்டு தூக்கித் தூக்கி ஒரு நாள் இடுப்பு விட்டுப்போனது. அதன் பிறகு என் இடத்தில் வேன் ஏறியவள் என் மருமகள். மகன் லாரி ஓட்டுகிறான். சிவகாசியில் காலண்டர் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் பதினைந்து நாள் கழித்துத்தான் அவன் முகத்தைப் பார்க்கலாம். ஆகவே வீட்டில் நானும் அவளும் மட்டும்தான்.

எங்கள் ஊரில் கரண்டு இருந்தது. அதில் பொய்யில்லை. விளக்கு எரியும், டிவி ஓடும், போனுக்குச் சார்ஜ் ஏறும். ஆனால் தண்ணீர்த் தொட்டிக்கு ஏற்றுகிற மோட்டாருக்கு அந்தக் கரண்டு போதாது. அதற்கு த்ரீ பேஸ், அதாவது மும்முனைக் கரண்டு வேண்டும். அது ஒரு நாள் காலையில் வரும், ஒரு நாள் உச்சிப்பொழுதில் வரும், ஒரு நாள் வந்தும் மோட்டாரைச் சுற்றவைக்க முடியாமல் முனகிவிட்டுப் போய்விடும். தொட்டி நிறைந்ததை நாங்கள் பார்த்ததே இல்லை. மோட்டார் ஓடுகிறபோதே தெருக்குழாயைத் திறந்துவிடுவார்கள். அப்போது அங்கே நிற்கிறவர்களுக்குத் தண்ணீர். நிற்காதவர்களுக்கு அடுத்த நாள்.

தண்ணீர் வருகிற நேரமும் வேன் வருகிற நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டால் என் மருமகள் பாடு திண்டாட்டம். என்னால் குடம் தூக்க முடியாது. அவள் தண்ணீர் பிடித்தால் வேன் போய்விடும், வேனைப் பிடித்தால் வீட்டில் குடிக்கத் தண்ணீர் இருக்காது. ஒரே மாதத்தில் நாலு தடவை அப்படி வேனை விட்டாள். ஒரு நாள் சாயங்காலம் தூக்குவாளியை நங்கென்று வைத்தாள்.

"அத்தை, போர்மேன் இன்னைக்கு முகத்துக்கு நேரா சொல்லிட்டாரு. இன்னொரு தடவை வேனை விட்டேன்னா தீபாவளி சீசனுக்கு வேற ஆளைப் போட்டுருவாராம்."

"நீ என்ன சொன்ன?"

"'தண்ணி வந்துருச்சுண்ணே'ன்னேன். 'எங்க வீட்லயுந்தான் தண்ணி வருது, நான் வேலைக்கு வரலையா'ங்காரு. அவுக வீட்ல அவுக பொண்டாட்டி பிடிக்கா. எனக்கு ஏது பொண்டாட்டி?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள், சாப்பிடவில்லை.

அன்றிலிருந்து நான் எழுத ஆரம்பித்தேன். மோட்டார் ரூம் எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே இருக்கிறது. மோட்டார் ஓடினால் என் கட்டில் அதிரும். என்றைக்கு எப்போது ஓடுகிறது என்று எழுதிவைத்தால், அதில் ஒரு ஒழுங்கு பிடிபடும், முன்கூட்டியே அவளுக்குச் சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம். எழுதக் காகிதத்துக்கா பஞ்சம்? மகன் வருஷா வருஷம் கொண்டுவருகிற நாள் காலண்டர் சுவரில் தொங்குகிறது. தினமும் கிழிக்கிற தாளில் நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம் எல்லாம் அச்சடித்திருக்கும். அதற்குக் கீழே பென்சிலால் மோட்டார் ஓடிய நேரத்தைக் குறிப்பேன். கடையில் பில் குத்துகிற வளைந்த கம்பி ஒன்று இருந்தது, தாளை அதில் குத்திவைப்பேன். நான் படித்த அஞ்சாம் வகுப்புக்கு அதுவே போதும்.

ஒழுங்கு ஒன்றும் பிடிபடவில்லை. ராகு காலத்துக்குக்கூட ஒரு முறை உண்டு, எங்கள் த்ரீ பேசுக்கு அது கிடையாது. ஆனாலும் எழுதுவதை நான் விடவில்லை. கம்பி பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது.

இப்படி இருக்கையில்தான் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். கழுத்தில் அட்டை, கையில் பலகை மாதிரி ஒரு போன். வெயிலில் முகம் சிவந்துபோயிருந்தாள். என் கொழுந்தனார்தான் ஊர்ப் பெரிய மனுஷர் என்ற முறையில் வீடு வீடாக அவளைக் கூட்டிவந்தார். அவர் கேட்டார்.

"எதுக்குத் தாயி இந்தக் கணக்கு?"

"நாட்டோட எரிசக்திப் பாதுகாப்பை அளக்குறோம் ஐயா."

"அதுக்குத்தான் பார்டர்ல பட்டாளம் நிக்கே?"

அந்தப் பெண் சிரித்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னாள். ஒரு நாட்டுக்கு அடுப்பெரிக்க, வண்டி ஓட்ட, மில்லு நடத்த, விளக்கேற்ற எரிசக்தி வேண்டும். எண்ணெய் கப்பலில் வருகிறது. எங்கேயோ சண்டை வந்து கப்பல் நின்றால் எத்தனை நாள் தாக்குப்பிடிப்போம்? சொந்தமாக நம்மிடம் என்ன இருக்கிறது? வெயிலையும் காற்றையும் எந்த அளவுக்குப் பயன்படுத்துகிறோம்? இருக்கிற கரண்டு கடைசி வீடுவரை ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா? எல்லாவற்றுக்கும் மார்க்குப் போட்டு, ஒவ்வொரு ஊருக்கும் ஒரு மார்க்குத் தருவார்களாம்.

எனக்கு அது நன்றாகவே புரிந்தது. ஐப்பசி அடைமழைக்கு முன்னால் நாங்கள் விறகு சேர்ப்பதில்லையா? எத்தனை நாளைக்குக் காணும், கட்டையில் ஈரம் இருக்கிறதா, நம் முள்ளுக்காட்டில் வெட்டியதா, பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கியதா. எத்தனை கட்டு இருந்தாலும், உலை வைக்கிற நேரத்தில் அடுப்பு எரிகிறதா என்பதுதான் கடைசிக் கேள்வி. இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"வீட்ல கரண்டு இருக்கா பாட்டி?"

"இருக்கு."

"விளக்கு நல்லா எரியுதா? அடிக்கடி குறைபாடு ஏதும் உண்டா?"

கொழுந்தனார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஒரு குறையும் இல்ல தாயி."

என் தலைக்கு நேர் பின்னால் அந்தக் கம்பி தொங்கிக்கொண்டிருந்தது.

நான் மட்டுமல்ல, ஊர் முழுக்க அப்படியேதான் சொல்லியிருக்கிறது. இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். எங்கள் பக்கம் முன்பின் தெரியாத ஆள் ஊருக்குள் வந்து விசாரித்தால், அது பெண் கொடுக்கப்போகிற வீட்டார் அனுப்பிய ஆளாக இருக்கும் என்பது பழைய கணக்கு. தண்ணீர் இல்லாத ஊருக்கு யாரும் பெண் கொடுக்கமாட்டார்கள். அதனால் யார் வந்து என்ன கேட்டாலும் "எங்க ஊருக்கு என்ன குறைச்சல்" என்றுதான் வாய் தானாகச் சொல்லும். கழுத்தில் அட்டை போட்டு வந்தாலும் அந்த வாய்க்குத் தெரியாது. போதாததற்கு, கொழுந்தனாருக்குக் கல்யாண வயதில் இரண்டு மகன்கள்.

இரண்டு மாதம் கழித்து, கிராம சபைக் கூட்டத்துக்கு அந்தப் பெண் மறுபடியும் வந்தாள். அன்று கம்பெனி லீவு. சமுதாயக் கூடம் நிறைந்திருந்தது. நான் வழக்கம்போலக் கடைசியில், சுவரோரம். மருமகள் என் பக்கத்தில். எங்கள் பஞ்சாயத்துத் தலைவரம்மா எழுந்து, "சுத்துப்பட்டு ஊர்கள்லேயே கரண்டு விஷயத்துல நம்ம ஊருக்குத்தான் மொத மார்க்கு!" என்றார்.

கை தட்டினார்கள், பாருங்கள், அப்படி ஒரு தட்டு. கொழுந்தனார் துண்டை உதறித் தோளில் போட்டார்.

அந்தப் பெண் கை தட்டவில்லை. தட்டி முடியும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள். "குடிநீர் மோட்டாரைச் சூரிய ஒளியில ஓட்டுறதுக்கு ஒரு திட்டம் வந்திருக்கு. கரண்டுக் குறை அதிகமா இருக்கிற ஊருக்குத்தான் முதல்ல குடுப்பாங்க. உங்க ஊர்ல குறையே இல்லைங்கிறதால இந்தத் தடவை பக்கத்து ஊருக்குப் போகுது."

கொழுந்தனார் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இதை முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா தாயி?" என்றார் தலைவரம்மா.

"முன்னாலேயே சொன்னா எல்லாரும் குறை மட்டுந்தான் சொல்லுவாங்க அம்மா. அப்புறம் அது எப்படி அளவாகும்?"

நியாயம்தான். என் மருமகள் என் கையைப் பிடித்திருந்தாள். பிடி இறுகியது. பிறகு என் காதுக்குள் சொன்னாள். "அத்தை, அந்தக் கம்பி."

"நீயே எடுத்துக் குடு. எனக்குக் கூச்சமா இருக்கு."

அவள் ஓடிப்போய் எடுத்துவந்தாள். நேராக அந்தப் பெண்ணிடம் நீட்டினாள். பெண் ஒரு தாளைத் திருப்பினாள், இன்னொன்றைத் திருப்பினாள். அச்செழுத்தையும் நான் குறித்த மணியையும் தவிர வேறொன்றும் அவளுக்குப் புரியவில்லை. புரியாதுதான். கோடு என்றால் ஓடியது, புள்ளி என்றால் முனகியது, வட்டம் என்றால் வேன் போய்விட்டது என்பது எனக்கு மட்டும் தெரிந்த கணக்கு.

"இதை எழுதுனது யாரு?"

எல்லாத் தலையும் திரும்பியது. எழுந்தேன். எப்படி எழுந்தேன், எப்படி முன்னால் போனேன் என்பது இன்றுவரை நினைவில்லை. தாளைக் கையில் வாங்கியது நினைவிருக்கிறது. கூட்டத்தைப் பார்க்காமல் தாளை மட்டும் பார்த்து வாசித்தேன்.

"செவ்வாக்கிழமை. காலையில ஆறே கால்லேருந்து ஏழு. வேன் போயிருச்சு. புதன். முனகுச்சு, ஓடல. வியாழன், பிரதோஷம். மத்தியானம் ஒன்றரை. ஊர்ல ஆளில்ல."

"சத்தமா வாசிங்க பெரியம்மா!" என்றது ஒரு குரல்.

"வெள்ளிக்கிழமை. நல்ல நேரம் ஒம்பதே கால்னு போட்டிருக்கு. மோட்டாருக்கு அன்னைக்கு நல்ல நேரமே இல்ல."

யாரோ சிரித்தார்கள். அப்புறம் ஒரு பெண் எழுந்தாள். "ஆமா! அந்த வெள்ளிக்கிழமைதான் எங்க வீட்ல காதுகுத்து. வந்த சனத்துக்குக் கை கழுவத் தண்ணியில்லாம நான் பட்ட பாடு!" இன்னொருத்தி, "அந்தச் செவ்வாக்கிழமை நானுந்தான் வேனை விட்டேன்" என்றாள். தாளுக்குத் தாள் ஒவ்வொருத்தி எழுந்தாள். என் குரல் எனக்கே கேட்க ஆரம்பித்தது.

அப்போது கொழுந்தனார் துள்ளி எழுந்தார். "மதினி! என்ன வேலை பாக்கீக? ரெண்டு பயலுக கல்யாணத்துக்கு நிக்கானுக. தண்ணியில்லாத ஊருன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாகன்னா எவன் பொண்ணு குடுப்பான்?"

பதில் பின்னாலிருந்து வந்தது. என் மருமகள்தான்.

"சின்ன மாமா, என்னையப் பொண்ணு கேட்டு வந்தப்ப நீங்கதான சொன்னீக, எங்க ஊர்த் தொட்டி நெறைஞ்சு வழியும்னு? வந்த நாள்லேருந்து நானும் அண்ணாந்து பாக்கேன். எப்ப வழியும்?"

கூடமே வெடித்துச் சிரித்தது. சரவெடி கெட்டது போங்கள்.

"அது பேச்சுக்குச் சொல்றதுத்தா," என்றார் அவர்.

"அந்தப் பேச்சைக் குடத்துல பிடிக்க முடியலையே மாமா!"

அவரும் சிரித்துவிட்டார். சிரித்தபடியே உட்கார்ந்துவிட்டார். கணக்கெடுக்க வந்த பெண் மட்டும் சிரிக்காமல் என்னைக் கேட்டாள். "ஏன் பாட்டி அன்னைக்கு என்கிட்டக் குறையே இல்லன்னு சொன்னீங்க?"

"வெக்கந்தான் தாயி," என்றேன். அதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் அன்றைக்கு மனசில் பட்டதைச் சொல்லாமல் விட்டது எனக்கே உறுத்தலாக இருந்தது. அதனால் சொன்னேன். "நீ விளக்கு எரியுதான்னு கேட்ட. எரியத்தான் செய்யுது. வெறகு இருக்கான்னு மட்டும் கேட்டா எல்லாரும் இருக்குன்னுதான் சொல்லுவாக. சோறு எத்தன மணிக்கு வெந்துச்சுன்னு கேக்கணும். தண்ணி எப்ப வந்துச்சுன்னு கேளு. உனக்கு எல்லாம் தெரிஞ்சுரும்."

அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். நான் சொன்னதை ஒருவர் எழுதிக்கொண்டதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

கம்பியில் இருந்த தாள்கள் அத்தனையையும் அவள் போட்டோ எடுத்தாள். கோடு, புள்ளி, வட்டத்துக்கு அர்த்தம் கேட்டுக் குறித்துக்கொண்டாள். மறுவாரம் இன்னும் இரண்டு பேரோடு வந்து ஊர் முழுக்கப் புதிதாகக் கேட்டாள். இந்தத் தடவை முதல் கேள்வியே, "நேத்துத் தண்ணி எத்தனை மணிக்கு வந்துச்சு?" வீடு காட்டக் கூடவே போனவர் என் கொழுந்தனார். தயங்குகிற வீட்டில், "உள்ளதைச் சொல்லுத்தா, பொண்ணுப் பேச்சு இல்ல இது, தண்ணிப் பேச்சு" என்று அவரே எடுத்துக்கொடுத்தாராம்.

அடுத்த கூட்டத்தில் தலைவரம்மா தாளைக் கையில் வைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார். "மார்க்கெல்லாம் போச்சு! சுத்துப்பட்டுல கடைசி ஊரு நம்ம ஊருதான்!"

முதல் மார்க்குக்குத் தட்டியதைப் போல இரண்டு மடங்கு கை தட்டினார்கள். அன்றுதான் என்னை அந்த முன்வரிசை நாற்காலியில் உட்காரவைத்தது. அந்தச் சூரிய ஒளித் திட்டம் பக்கத்து ஊருக்கும் கிடைத்தது, எங்களுக்கும் கிடைத்தது.

சூரியத் தகடுகள் வந்து இறங்கிய அன்று, மாட்ட வந்தவர்கள் மோட்டார் ரூம் கூரையைக் காட்டினார்கள். பக்கமாக இருக்கிறது, ஒயர் மிச்சம் என்றார்கள். எனக்கு அந்த இடம் தெரியும். இந்தச் சீமையில் வெயிலைத் திட்டாத வாய் கிடையாது. ஆனால் பட்டாசு இங்கே வந்து காலூன்றியதே அந்த வெயிலை நம்பித்தான். மேடையில் நின்ற காலத்தில் எந்த மாதம் எந்த நிழல் எங்கே விழும் என்று பார்த்துத்தான் தட்டு வைப்போம். நிழல் பட்ட தட்டு காயாது, அந்த வெடி புஸ்ஸென்று போகும், திட்டு எங்களுக்கு விழும்.

இந்தத் தடவை யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் தெருவைக் கடந்து போனேன்.

"தம்பி, இங்கன வைக்காதீக. மூணு மணிக்கு மேல அந்தப் புளியமரத்து நெழல் விழும். தை மாசம் ரெண்டு மணிக்கே வந்துரும்."

மாட்ட வந்தவர்களில் ஒருவர் மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வேற எங்கன வைக்கலாங்கம்மா?"

ஊர்க் களத்தின் மேற்கு ஓரத்தைக் காட்டினேன். மக்காச்சோளம் காயப்போடுகிற இடம். சூரியன் உதித்ததிலிருந்து அடைகிறவரை அங்கே ஒரு நிழலும் அண்டாது. அவர் ஏதோ கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, "கரெக்டுங்கம்மா" என்றார். அங்கேதான் மாட்டினார்கள். தகடுகளைச் சாய்த்து வரிசையாக வைத்தபோது எனக்கு வெடித்தட்டு பரப்பியது போலவே இருந்தது. இந்தத் தட்டுகளை யாரும் தூக்க வேண்டாம் என்பதுதான் வித்தியாசம்.

முதல் நாள் வெயில் ஏறியதும் மோட்டார் ஓடியது. முனகவில்லை. என் கட்டில் அதிர்ந்தது. மத்தியானம் அதிர்ந்தது, மூன்று மணிக்கும் அதிர்ந்துகொண்டே இருந்தது. நாலு மணி வாக்கில் தெருவில் ஒரே கூச்சல். வெளியே வந்து பார்த்தால், தொட்டியின் உச்சியிலிருந்து தண்ணீர் வெள்ளைச் சேலை காயப்போட்டது மாதிரி வழிந்துகொண்டிருக்கிறது. அதன் கீழே தலையெல்லாம் நனைந்து என் கொழுந்தனார் நிற்கிறார்.

"வழியுது பாரு! நான் சொன்னேன்ல! அன்னைக்கே சொன்னேன்ல!"

சாயங்கால வேனில் இறங்கிய என் மருமகளைப் பார்த்ததும் மறுபடியும் அதையே கத்தினார். அவள் முக்கிலேயே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"வாக்குத் தவறாத மனுஷன் மாமா நீங்க. கொஞ்சம் லேட்டு, அம்புட்டுத்தான்."

மழை மாதத்தில் மேகம் மூடினால் மோட்டார் சோர்ந்துதான் ஓடும். ஆனால் நிறைந்த தொட்டி இரண்டு நாள் தாங்கும், பழைய லைன் கரண்டும் துணைக்கு இருக்கிறது. அடைமழை விறகு மாதிரிதான் இதுவும்.

மறுநாள் காலை ஐந்தரைக்கே குழாய் திறந்தார்கள். ஆறு மணிக்குள் எங்கள் வீட்டில் எல்லாக் குடமும் நிறைந்து, அண்டாவும் நிறைந்துவிட்டது. மருமகள் தலைவாரி, பூ வைத்து, தூக்குவாளியோடு முக்கில் போய் நின்றாள். வேன் இன்னும் வரவில்லை. எங்கள் தெருவில் வேனுக்காக ஆள் காத்து நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன். வாசலிலேயே நின்று பார்த்தேன்.

வேன் வந்தது. ஆரன் அடிக்கக் கை வைத்த டிரைவர் அவளைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டான்.

"என்னக்கா, இன்னைக்குத் தண்ணி வரலையா?"

"வந்துச்சு, பிடிச்சாச்சு, குடிச்சாச்சு," என்று சொல்லிக்கொண்டே அவள் ஏறினாள். "நீதான் லேட்டு. எடு வண்டியை!"